விடாமல் மன்றாடுவது தாழ்மைக்கு எதிரானதா?

கேள்வி – வில்லியனூரிலிருந்து ஒரு வாசகி

அனைவருக்கும் ஆண்டவரில் வணக்கம். அப்பா இறந்த பிறகு மனைப் பங்கீட்டில் எழுந்த பேச்சு முற்றி, என் தம்பி வீட்டை விட்டுப் போய் நான்கு ஆண்டுகள் ஆகின்றன. நாங்கள் யார் அழைத்தாலும் அவன் தொலைபேசியை எடுப்பதில்லை. அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் மாலையில் வில்லியனூர் மாதா கோயிலுக்குப் போய், மெழுகுதிரி ஏற்றி, குளக்கரையில் அமர்ந்து செபமாலை சொல்லி வருகிறேன். ‘பொறுப்பில்லாமல் எங்களை உதறிவிட்டுப் போனவனைத் திருத்தும் ஆண்டவரே, இந்தக் கிறிஸ்து பிறப்புக்குள் வீட்டில் கொண்டுவந்து சேரும்’ என்பதுதான் என் வேண்டுதல். நான்கு கிறிஸ்து பிறப்பு விழாக்கள் கடந்துவிட்டன. போன வாரம் என் அருகில் முழந்தாளிட்டிருந்த ஓர் அம்மா, மகளுக்கு வரன் அமைந்ததற்காக விம்மி விம்மி நன்றி சொன்னபோது, எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. கையிலிருந்த திரியைக்கூட ஏற்றாமல் எழுந்து வந்துவிட்டேன். ஒரே வேண்டுதலை இப்படிப் பிடித்துக்கொண்டிருப்பது அடமா? தாழ்மை உள்ளவள் ‘உம் திருவுளம்’ என்று ஒருமுறை சொல்லிவிட்டு அமைதியாகிவிட வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி 1 – மஞ்சக்குப்பம், கடலூர் (மறைக்கல்வி ஆசிரியர்)

சகோதரி, லூக்கா நற்செய்தியின் 18-ஆம் அதிகாரத்தை ஒருமுறை முழுவதுமாக வாசித்துப் பாருங்கள். நேர்மையற்ற நடுவர் (நீதிபதி) ஒருவரிடம் நீதி கேட்டு விடாமல் நடையாய் நடந்த கைம்பெண்ணின் உவமை முதலில் வருகிறது. கண்களை வானத்தை நோக்கி உயர்த்தவும் துணியாமல் மார்பில் அடித்துக்கொண்ட வரிதண்டுபவரின் உவமை அதையொட்டியே வருகிறது. விடாப்பிடியையும் தாழ்மையையும் நற்செய்தியாளரே பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கும்போது, ஒன்றை விட்டால்தான் மற்றொன்று கிடைக்கும் என்று நாம் ஏன் எண்ண வேண்டும்? அந்தக் கைம்பெண் தனக்குத் தொல்லை கொடுத்துவிடுவாள் என்று நடுவர் அஞ்சும் இடத்தில், கிரேக்க மூலத்தில் உள்ள சொல்லுக்குக் கண்ணுக்குக் கீழே குத்துவது என்பது நேர்ப்பொருள். அவ்வளவு துணிவான நச்சரிப்பைத்தான் ஆண்டவர் நமக்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறார். ஆனால் கடவுள் அந்த நேர்மையற்ற நடுவரைப் போன்றவர் அல்லர் என்பதும் அதே உவமையில் உண்டு. ஆகவே அவர் மனமில்லாமல் இருக்கிறார், நாம்தான் அவரை வளைக்க வேண்டும் என்ற நினைப்பு மட்டும் வேண்டாம்.

இரண்டும் ஒரே ஆளிடம் கூடியிருப்பதைப் பார்க்க விரும்பினால் மத்தேயு 15-இல் வரும் கானானியப் பெண்ணிடம் போங்கள். மகளுக்காகக் கதறுகிறாள், இயேசு ஒரு வார்த்தையும் மறுமொழியாகச் சொல்லவில்லை. சீடர்களோ அவளை அனுப்பிவிடும் என்கிறார்கள். பிள்ளைகளின் உணவை எடுத்து நாய்க்குட்டிகளுக்குப் போடுவது முறையல்ல என்ற கடும் சொல்லையும் கேட்கிறாள். அவள் சினக்கவில்லை, தன் தகுதியை எடுத்துச் சொல்லி வாதாடவில்லை, அதே வேளையில் அந்த இடத்தை விட்டு நகரவும் இல்லை. மேசையிலிருந்து விழும் சிறு துண்டுகள் போதும் என்கிறாள். எனக்கு உரியதைக் கொடு என்று கேட்பதுதான் அடம். உரிமை இல்லை என்று தெரிந்தும் போகாமல் நிற்பதை நான் நம்பிக்கை என்றே சொல்வேன்.

மறுமொழி 2 – கடலூர் முதுநகர்

அக்கா, நான் லுத்தரன் சபையைச் சேர்ந்தவன். எங்கள் வழக்கில் ஜெபம் என்போம். எங்கள் தெருவில் மீன்பிடிக்கும் குடும்பங்கள் அதிகம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்த நாள்களில் திண்ணையில் உட்கார்ந்து, கால் பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்து, அறுந்த கண்ணிகளை ஒவ்வொன்றாகப் பின்னிக்கொண்டிருப்பார்கள். அதைப் பார்த்துத்தான் காத்திருப்பது சும்மா இருப்பதல்ல என்று கற்றேன். ஆனாலும் அவர்களுக்கு ஜூன் 14 என்று ஒரு தேதி இருக்கிறது. ஜெபிக்கிறவனுக்கு அது கிடையாது. நீங்கள் ‘இந்தக் கிறிஸ்து பிறப்புக்குள்’ என்று தேதி குறிக்கிறீர்கள். உங்களைச் சோர்வடையச் செய்வது வேண்டுதல் அல்ல, அந்தத் தேதிதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பிள்ளை வரம் கேட்டு ஜெபித்த அன்னாளை நினைத்துக்கொள்ளுங்கள். அவள் உதடுகள் மட்டும் அசைந்ததைக் கண்டு, குடித்து வெறித்திருக்கிறாள் என்றே ஆசாரியர் ஏலி எண்ணினார். கர்த்தருடைய சந்நிதியில் இருதயத்தை ஊற்றிவிட்டு அவள் எழுந்துபோய்ச் சாப்பிட்டாள்; அப்புறம் துக்கமுகமாயிருக்கவில்லை என்று 1 சாமுவேல் சொல்கிறது. அப்போது அவள் கேட்ட பிள்ளையான சாமுவேல் பிறக்கவில்லை, கருவிலும் இல்லை.

மறுமொழி 3 – புதுச்சேரி

மகளே, உன்னைவிட வயதில் மூத்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன், வருத்தப்படாதே. உன் வேண்டுதலை நீயே எழுதியிருப்பதை இன்னொருமுறை வாசி. ‘பொறுப்பில்லாமல் உதறிவிட்டுப் போனவனை’ என்கிறாய். முதல் மறுமொழியில் சொன்ன அதிகாரத்தில், அந்த வரிதண்டுபவரோடு கோயிலுக்கு வந்த பரிசேயரும் கடவுளிடம்தான் பேசினார். ஆனால் பாதிப் பேச்சு அடுத்தவர்களுடைய குற்றத்தைப் பற்றியது. அன்று உன் வாயிலிருந்து என்ன வந்தது என்பதையும் ஆண்டவரிடம் சொன்னாயா?

புனித மோனிக்காவைப் பார். 383-இல் மகன் அகுஸ்தீன் கார்த்தேஜ் நகரை விட்டு ரோமைக்குக் கப்பலேறக் கூடாது என்று, துறைமுகத்தை அடுத்திருந்த புனித சிப்ரியானின் நினைவுக் கோயிலில் இரவெல்லாம் அழுது மன்றாடினாள். அவன் பொய் சொல்லிவிட்டு அந்த இரவிலேயே கப்பலேறிப் போனான். அன்று கேட்டது கிடைக்கவில்லை. ஆனால் அந்தப் பயணம்தான் அவனை மிலானில் ஆயர் புனித அம்புரோசிடம் கொண்டுசேர்த்தது. 387 பாஸ்கா (ஈஸ்டர்) விழாவில் அவன் திருமுழுக்குப் பெற்றபோது தாயும் உடன் இருந்தாள். தம்பி போன வழியும் ஆண்டவருக்குத் தெரிந்த வழிதான், மகளே.

கேள்வி கேட்டவர்

அம்மா, உங்கள் கேள்வியைப் படித்த பிறகு வெகுநேரம் எதுவும் எழுத முடியவில்லை. அப்பாவுக்கு நோயாக இருந்தபோது எட்டிப் பார்க்காதவனுக்கு மனையில் என்ன பங்கு என்று கேட்டது நான்தான். அவன் அப்போது வெளியூரில் விடுப்பு கிடைக்காமல் தவித்தான் என்பது எனக்குத் தெரியும், தெரிந்தும் சொன்னேன். நான்கு ஆண்டுகளில் ஒருமுறைகூட இதை நான் செபத்தில் சொன்னதில்லை.

நேற்றுச் சனிக்கிழமை குளக்கரையில் செபமாலையின் முதல் பத்து மணிகளை எனக்காகவும் மீதியை அவனுக்காகவும் ஒப்புக்கொடுத்தேன். தேதி எதுவும் குறிக்கவில்லை. வீட்டுக்கு வந்து, அந்த வார்த்தைக்காக மன்னிப்புக் கேட்டு அவனுக்கு ஒரு கடிதம் எழுதினேன். மனையைப் பற்றி அதில் ஒன்றும் எழுதவில்லை. பழைய முகவரிதான் இருக்கிறது, திங்கட்கிழமை அஞ்சலில் சேர்க்கிறேன். எல்லோரும் எங்களுக்காகச் செபித்துக்கொள்ளுங்கள்.