பி.காம். இன்டர்நேஷனல் பிசினஸ் மாணவர்களுக்குப் பழைய ஏற்றுமதி ஆவணங்கள் தேவை

வணக்கம். மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு ஆவணப் பயிற்சி ஒன்று தயாரிக்கிறோம். திருப்பூர், கரூர் ஏற்றுமதியாளர்களோ, தூத்துக்குடியில் கஸ்டம்ஸ் புரோக்கர் அலுவலகத்தில் இருப்பவர்களோ குழுவில் இருந்தால் கைகொடுங்கள்.

ஒரே சரக்குக்கான முழு செட் வேண்டும்: எல்.சி. (பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம்), இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில் (சுங்கத்துறையிடம் கொடுக்கும் ஏற்றுமதி அறிவிப்பு), பில் ஆஃப் லேடிங் (கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீது), சர்டிபிகேட் ஆஃப் ஆரிஜின் (சரக்கு எந்த நாட்டில் தயாரானது என்ற சான்று). தனித்தனி நகல்கள் உதவாது. ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் பயிற்சியே. பெயர், கணக்கு எண், விலையை அழித்துவிடுங்கள். சரக்கு விவரம், எடை, பெட்டி எண்ணிக்கை, தேதிகள் இருக்கட்டும்.

வங்கி குறை சொல்லி நிறுத்திய செட் கிடைத்தால் இன்னும் நல்லது. யு.சி.பி. 600 (எல்.சி.க்கு வங்கிகள் பின்பற்றும் சர்வதேச விதிகள்) படி இன்வாய்ஸில் சரக்கு விவரம் எல்.சி.யோடு பொருந்த வேண்டும். எல்.சி.யில் வேறு கெடு இல்லையென்றால், கப்பலேறிய 21 நாட்களுக்குள், அதுவும் எல்.சி. காலாவதியாகும் முன், ஆவணங்களைக் கொடுத்தாக வேண்டும். விதியை ஒப்பிக்கும் மாணவர்கள்கூட அசல் தாளில் பிழையைப் பிடிக்கத் திணறுகிறார்கள்.

இன்னொரு கேள்வி. கன்டெய்னர் சரக்கை டெர்மினலிலேயே ஒப்படைத்துவிடுகிறோம்; எஃப்.ஓ.பி. (விற்பவர் கப்பலில் ஏற்றித் தரும் விற்பனை நிபந்தனை) என்றால் கப்பலில் ஏறும்வரை சேதப் பொறுப்பு விற்பவர் தலையில்தான். கன்டெய்னருக்கு எஃப்.சி.ஏ.தான் (சொன்ன இடத்தில் கேரியரிடம் ஒப்படைத்ததும் பொறுப்பு வாங்குபவருக்கு மாறும் நிபந்தனை) பொருத்தம். உங்கள் பையர்கள் அதற்கு ஒப்புக்கொள்கிறார்களா? மறுத்தால் என்ன காரணம் சொல்கிறார்கள்? கமென்டில் எழுதுங்கள், ஆவணங்களை மட்டும் இன்பாக்ஸில் அனுப்புங்கள்.