பஸ்கள் கூடின, நிலையத்தில் நெரிசலும் கூடியது

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்கு நாள்தோறும் வேலைக்குச் சென்று வருபவன் நான். இந்தப் பாதையில் சேவைகளைக் கூட்டியபோது, நகர பஸ் நிலையத்தில் காலையில் முண்டியடிக்கும் கூட்டம் கரைந்துவிடும் என்று பலரும் பேசிக்கொண்டார்கள். கூட்டம் கரையவில்லை.

ஏன் என்பது அங்கே சற்று நேரம் நின்று பார்த்தாலே விளங்கும். 1979இல் தனியார் பஸ்களுக்கு அனுமதி கிடைத்ததிலிருந்து அரசின் சிவப்பு பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் ஒரே பாதையில் ஓடுகின்றன. இரண்டையும் ஒரே நேர அட்டவணை கட்டுப்படுத்தாதபோது, புதிதாகச் சேரும் பஸ்ஸும் ஆட்கள் அதிகம் நிற்கும் அதே வேளையில்தான் வந்து நிற்கும். மணிக்கு 6 பஸ்கள் சீரான இடைவெளியில் புறப்பட்டால் சராசரிக் காத்திருப்பு 5 நிமிடம். அதை 12 ஆக்கி, இரண்டிரண்டாக ஒன்றின் பின் ஒன்றாக அனுப்பினாலும் அதே 5 நிமிடம்தான். மிஞ்சுவது இடநெருக்கடி. ஆட்களை நிரப்புவதற்காக ஒவ்வொரு பஸ்ஸும் 15 நிமிடம் நின்றால், ஒரு தரிப்பிடத்தில் மணிக்கு 4 பஸ்களுக்கு மேல் நிற்க முடியாது. ஏனையவை வாசலில் குறுக்கே நிற்க, அவற்றுக்கு இடையில் புகுந்துதான் நாம் நடக்கிறோம்.

அண்மையில் ஒரு மூதாட்டி, மருந்துப் பையை மார்போடு அணைத்தபடி, "எது மனே முந்திப் போகும்?" என்று மூன்று நடத்துனர்களிடம் கேட்டார். மூவருமே "இதான் அம்மா, ஏறுங்க" என்றார்கள். அவர் ஏறிய பஸ்தான் கடைசியாகப் புறப்பட்டது. இப்படி ஏறி இறங்கி அலைபவர்களும் அந்த நெரிசலில் ஒரு பங்கு.

டைம்கீப்பர் ஒருவரிடம் இதைப் பற்றிக் கேட்டபோது, "பஸ் கூடினா எனக்கு வேலை கூடும் சேர், இடம் கூடாதே" என்று சிரித்தார். ஆயினும் சில வாரங்கள் அவரே கண்டிப்பாக நேரம் பார்த்து பஸ்களை அனுப்பினார். அந்த நாட்களில் நிலையம் வெறிச்சென்று இருந்தது. பாதி இருக்கைகள் காலியாகப் போவதாக நடத்துனர்கள் முணுமுணுத்தார்கள். ஆனால் அவை வழியில் காத்தான்குடியிலும் ஆரையம்பதியிலும் நிரம்பிவிடும் என்பதை நான் ஒவ்வொரு நாளும் கண்டேன். நகரத்திலேயே நிரம்பிய பஸ் அந்த ஊர்க்காரர்களைத் தாண்டி ஓடிவிடுகிறது என்பது நிலையத்துக்குள் நிற்பவர்களுக்குத் தெரிவதில்லை.

வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக்காரர்களின் நிலையும் இதுவே. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட பின்னர், கொக்கட்டிச்சோலையிலிருந்து கல்முனைக்குப் போகிறவர் நகருக்கு வரத் தேவையில்லை. பிரதான வீதியில் இறங்கி பஸ் மாறலாம். ஆனால் அங்கே இடம் கிடைக்காது என்பதால், என் சக ஊழியர் ஒருவர் இருக்கைக்காகவே எதிர்த்திசையில் மட்டக்களப்பு வரை வந்து, எங்களோடு வரிசையில் நிற்கிறார்.

அக்கரைப்பற்று, பொத்துவில் பக்கத்து அன்பர்கள், கல்முனையில் பஸ் மாறும்போது தங்களுக்கு நேர்வதையும் எழுதினால் நல்லது. எங்கள் பஸ்கள் அங்கே போய்ச் சேரும்போதும் கூட்டமாகத்தான் சேருகின்றன.