ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் கூடிப் பேச மதுரையில் ஓர் இடம் தேவை

அனைவருக்கும் வணக்கம். ஆட்டிசம் உள்ள என் தம்பிக்கு வயது 26. பி.காம். முடித்து, ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறான். ரசீதில் ஒரு ரூபாய் இடித்தாலும் கண்டுபிடித்துவிடுவான். ஆனால் மதியம் எல்லோரும் கூடிப் பேசும்போது, சாப்பாட்டு டப்பாவோடு மாடிப்படிக்குப் போய்விடுகிறான். நண்பர் என்று ஒருவர்கூட இல்லை.

சிறுவயதில் பேச்சுப் பயிற்சி, அந்தப் பயிற்சி, இந்தப் பயிற்சி என்று போக இடம் இருந்தது. பதினெட்டு வயதுக்குப் பிறகு எங்களுக்கு ஒன்றும் அமையவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் இருப்பதால் அடையாள அட்டை வாங்கிவிட்டோம். இப்போது அவனுக்கு வேண்டியது பேச்சுத் துணை.

ஆட்டிசம், ஏடிஎச்டி (கவனச்சிதறல், மிகைத் துடிப்பு) உள்ள பெரியவர்கள் மாதம் ஒரு ஞாயிறு கூடலாம் என்று நினைக்கிறேன். பெற்றோர் புலம்பும் கூட்டமாக அது மாறிவிடக்கூடாது. ஆட்டிசம், ஏடிஎச்டி உள்ளவர்களே பேச வேண்டும். பேசாமல் உட்கார்ந்திருக்க விரும்பினால் அதற்கும் வசதி வேண்டும். இரைச்சலும் கண்ணைக் கூசவைக்கும் விளக்கும் இல்லாத அறை, நூலகமோ பள்ளி வகுப்பறையோ, தெரிந்தால் சொல்லுங்கள். வயது வந்தவர்களுக்கு ஆட்டிசப் பரிசோதனை செய்யும் மருத்துவர் மதுரைப் பக்கம் இருந்தாலும் தெரிவியுங்கள். என்ன நடக்கும், எத்தனை மணிக்கு முடியும் என்பதை முன்கூட்டியே எழுதி அனுப்பும் பொறுப்பு என்னுடையது.

தம்பியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். முதல் கூட்டத்துக்குப் பத்துப் பேருக்கு மேல் வேண்டாம் என்கிறான்.