அக்காவுக்கு எம்எஸ்: தம்பி, தங்கைகள் மரபணுப் பரிசோதனை செய்ய வேண்டுமா?

வணக்கம். அக்காவுக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்எஸ்; உடலின் நோயெதிர்ப்பு மண்டலமே மூளை, தண்டுவட நரம்புகளின் உறையைத் தாக்கும் நோய்) உறுதியாகிவிட்டது. முதலில் ஒரு கண்ணில் வலி, சிவப்பு நிறம் வெளிறித் தெரிகிறது என்றாள். எம்ஆர்ஐ எடுத்தபோதுதான் தெரிந்தது. இப்போது வீட்டில் ஒரே பேச்சு, எங்களுக்கும் வருமா என்று.

படித்தவரை, இது ஒற்றை மரபணுவால் வருவதில்லை. 200-க்கும் மேற்பட்ட மரபணு மாறுபாடுகள் ஆளுக்குக் கொஞ்சம் கைகொடுக்கின்றன. அதில் பெரிய கை எச்எல்ஏ-டிஆர்பி1*15:01 என்ற, நோயெதிர்ப்பு தொடர்பான மரபணு வகை. ஐரோப்பிய வம்சாவளியினரிடம் செய்த ஆய்வுகளில் அது வாய்ப்பைச் சுமார் 3 மடங்காக்குகிறது. ஆனாலும் அது உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை. ஒரு கரு இரட்டையரில்கூட ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கு வருவது நான்கில் ஒரு பங்கு அளவில்தான். எப்ஸ்டீன்-பார் வைரஸ், புகைப்பழக்கம் எல்லாம் சேர்ந்தே ஆட்டம் நடக்கிறது. (தம்பி சிகரெட்டை நிறுத்த இதைவிடக் காரணம் வேண்டுமா, சொல்லுங்கள்!)

என் கேள்வி: உடன்பிறந்தவருக்கு எம்எஸ் இருந்து, அறிகுறி எதுவும் இல்லாமல் எச்எல்ஏ பரிசோதனை செய்தவர்கள் இருக்கிறீர்களா? நரம்பியல் மருத்துவர் சொல்லிச் செய்தீர்களா, நீங்களாகவா? முடிவு வந்தபின் ஏதாவது மாற்றினீர்களா, கவலைதான் மிச்சமா? மரபியல் ஆலோசகரைப் பார்த்தவர்கள், அங்கே என்ன கேட்க வேண்டும் என்றும் சொல்லுங்கள். மூலிகை வைத்தியம் மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.