மணலி ரோட்டுல தினமும் பைக் ஓட்டுறவங்க கண்ணுக்கு என்ன பண்றீங்க?

வணக்கம் மக்களே. திருவொற்றியூர்ல இருந்து மணலி வழியா மாதவரம் வரைக்கும் எனக்கு தினமும் பைக்தான். கன்டெய்னர் லாரி வரிசைக்கு நடுவுல புகுந்து புகுந்து போகணும். ஆறு மாசமா சாயங்காலம் வீட்டுக்கு வந்தா கண்ணுல மிளகாய்ப்பொடி விழுந்த மாதிரி எரிச்சல். காலையில பீளை கட்டி இமை ஒட்டிக்குது.

டாக்டர் பார்த்துட்டு, கண் உலர்வும் அலர்ஜியும் சேர்ந்திருக்குன்னார். தண்ணியா கொட்டுதே, அப்புறம் என்ன உலர்வுன்னு கேட்டேன். கண்ணுக்கு மேல எண்ணெய், நீர், சளி சேர்ந்த மெல்லிய படலம் இருக்காம். டீசல் புகையும் நுண்தூசியும் அதைக் கெடுத்தா ஈரம் சீக்கிரம் ஆவியாயிடும். அந்த எரிச்சலுக்குத்தான் தண்ணி கொட்டுதாம். பிஎம் 2.5ன்னு சொல்ற அந்த நுண்தூசித் துகள் தலைமுடி தடிமன்ல முப்பதுல ஒரு பங்குகூட இருக்காது, ஹெல்மெட் கண்ணாடி எங்க தடுக்கப் போகுது!

முன்னாடி மெடிக்கல்ல நானா கேட்டு வாங்கிப் போட்ட சொட்டு மருந்துல ஸ்டீராய்டு இருந்திருக்கு. நாள்கணக்கா போட்டா கண் அழுத்தம் ஏறி க்ளாக்கோமா (கண் நரம்பு கெட்டு பார்வை போற நோய்) வரலாம்னு டாக்டர்கிட்ட செம திட்டு. இப்ப பிரிசர்வேட்டிவ் இல்லாத செயற்கைக் கண்ணீர் மட்டும்தான்.

கேள்வி இதுதான்: முகத்தோட ஒட்டி உட்கார்ற கண்ணாடி யாராவது போடுறீங்களா? பவர் கண்ணாடிக்கு மேல போட முடியுமா, ராத்திரியில பனிமூட்டம் மாதிரி மங்குதா? 800 ரூபாய்க்குள்ள எங்க கிடைக்கும்? லாரி கம்மியான மாற்று வழி இருந்தாலும் சொல்லுங்க, பத்து நிமிஷம் கூட ஆனாலும் பரவாயில்ல.