கடலோரம் மட்டும் சிவப்பாகத் தெரிகிறது: பாலைவனத் தூசியா, என் கணக்கில் தவறா?

கீழக்கரை டீச்சர்:
எல்லோருக்கும் வணக்கம். கீழக்கரைப் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். எங்கள் மாடியில் சோலார் பேனல் இருக்கிறது. கச்சான் (தென்மேற்குக்) காற்று தொடங்கியதும் அதன் மேல் பழுப்பாக ஒரு படலம் படிகிறது. துடைத்தால் நான்கே நாளில் மறுபடி வந்துவிடும். "டீச்சர், இது அரபு நாட்டு மணலா?" என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்டார்கள். ஊரில் நிறைய வீடுகளில் யாராவது வளைகுடாவில் வேலை பார்க்கிறார்கள். அங்கே அடிக்கும் தூசிப் புயலைப் பிள்ளைகள் வீடியோ காலில் பார்த்திருக்கிறார்கள். அதிலிருந்து வந்த கேள்வி இது. இதற்கு ஒழுங்கான பதில் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை.

நாசாவின் அக்வா செயற்கைக்கோளில் உள்ள மோடிஸ் கருவியின் ஏ.ஓ.டி. தரவை இறக்கினேன். காற்றில் மிதக்கும் துகள்கள் வெயிலை எவ்வளவு மறைக்கின்றன என்பதற்கான அளவு அது. பைத்தானில் வரைபடம் போட்டதில் மூன்று சிக்கல்.

முதலாவது, ஆனி, ஆடியில் வாலிநோக்கத்திலிருந்து மண்டபம் வரை கடலோரமாக ஒரு சிவப்புப் பட்டை, அதாவது அங்கே ஏ.ஓ.டி. மிக அதிகம். தூசிதான் என்று முடிவு செய்யப் போனேன். ஆனால் மார்கழியிலும் தொண்டி, தேவிபட்டினம் ஓரமாக அதே மாதிரி சிவப்பு. அப்போது காற்று வங்காள விரிகுடாவிலிருந்து அல்லவா வருகிறது? அந்தப் பக்கம் ஏது பாலைவனம்?
இரண்டாவது, சித்திரையில் மேகமே இல்லாத நாளிலும் கடல் மேல் அகலமாக ஒரு பட்டை வெறுமையாக இருக்கிறது.
மூன்றாவது, மாதச் சராசரி சில இடங்களில் மைனஸில் ஆயிரக்கணக்கில் வருகிறது.

பிக்சல் பாண்டி:
மூன்றாவது எளிது டீச்சர். தரவு இல்லாத இடத்தில் -9999 என்று நிரப்பியிருப்பார்கள். அதை நீக்கிவிட்டுச் சராசரி எடுங்கள். மிச்ச எண்களை 0.001 ஆல் பெருக்கினால்தான் உண்மையான மதிப்பு வரும்.

சித்திரை வெறுமைக்குக் காரணம் சூரியன். சித்திரை பிறக்கும் நாளை ஒட்டி நண்பகலில் சூரியன் இராமநாதபுரத்துக்கு நேர் மேலே நிற்கும். அப்போது கடல் கண்ணாடி மாதிரி வெயிலைத் திருப்பி அடிக்கும். அந்தப் பளபளப்பில் மெல்லிய தூசியைப் பிரித்தறிய முடியாது என்பதால் அந்தப் பகுதியை அவர்களே ஒதுக்கிவிடுகிறார்கள். ஆவணி நடுவில் சூரியன் திரும்பி வரும்போதும் இதைப் பார்ப்பீர்கள்.

சிவப்புப் பட்டைக்கு ஒரு கேள்வி: இந்தத் தரவுக் கோப்பில் பல அடுக்குகள் இருக்கும், அதில் எந்த அடுக்கை எடுத்தீர்கள்? பெயர் "இமேஜ்" என்று தொடங்குகிறதா?

கீழக்கரை டீச்சர்:
ஆமாம் சார், "இமேஜ் ஆப்டிகல் டெப்த் லேண்ட் அண்ட் ஓஷன்". அதில்தான் இடைவெளி குறைவாக இருந்தது, அதனால் எடுத்தேன்.

பாம்பன்காரன்:
எனக்கு செயற்கைக்கோள் கணக்கு தெரியாது டீச்சர். ஆனால் நீங்கள் சொல்லும் இடமும் மாதமும் எங்களுக்கு நன்றாகத் தெரிந்தவை. கச்சான் காலத்தில் தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளித்துக் கலங்கும், வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்) அமைதியாகக் கிடக்கும். வாடை (வடகிழக்குக் காற்று) தொடங்கினால் தலைகீழ்: வடகடல் கலங்கும், தென்கடல் தெளியும். கரையோரத் தண்ணீர் சேற்று நிறத்துக்கு மாறிவிடும். காற்றுக்கு ஏற்றபடி நாங்கள் வள்ளத்தையே பக்கம் மாற்றிக் கட்டுவோம். உங்கள் சிவப்பும் அதே மாதிரி பக்கம் மாறுகிறதே!

பிக்சல் பாண்டி:
அண்ணே, விடையே அதுதான். நான் சுற்றி வளைத்துச் சொல்ல வந்ததை ஒரு வரியில் சொல்லிவிட்டீர்கள்.

டீச்சர், கடல் மேல் இந்தக் கணக்கு எப்படி நடக்கிறது என்றால், ஆழ்கடல் மேலிருந்து பார்க்கக் கறுப்பாக இருக்கும் என்று வைத்துக்கொள்கிறார்கள். அதற்கு மேல் தெரியும் வெளிச்சம் எல்லாம் காற்றில் உள்ள துகளிடமிருந்து வந்ததாகக் கணக்கு. பாக் நீரிணையோ ஆழம் குறைந்தது. சேறு கலங்கினால் தண்ணீரே பளிச்சென்று இருக்கும். அந்த வெளிச்சத்தையும் கணக்கு தூசி என்று எடுத்துக்கொள்கிறது. கலங்கல் நீரை ஒதுக்க ஒரு வடிகட்டி உண்டு, ஆனாலும் கொஞ்சம் தப்பிவிடும். நீங்கள் எடுத்தது தரம் குறைந்த மதிப்புகளையும் சேர்த்து, பார்வைக்காக மட்டும் கொடுக்கும் அடுக்கு. முன்னால் "இமேஜ்" இல்லாத அதே பெயரில் தரம் பார்த்து வடிகட்டியது இருக்கிறது. அதை எடுங்கள்.

பாலைவனத்தில் சிக்கல் வேறு மாதிரி. அங்கே தரையே வெளுப்பு, கறுப்பு என்று வைத்துக்கொள்ள இடமே இல்லை. ஆனால் மணல் நீல ஒளியில் மங்கலாகத் தெரியும். அதனால் 412 நானோமீட்டர் நீலத்தில் பார்த்துக் கணக்கிடும் "டீப் புளூ" முறையை கிறிஸ்டினா ஷூ குழுவினர் 2004இல் வெளியிட்டார்கள். சகாராவையும் அரேபியாவையும் நன்றாக அளக்க வழி கிடைத்தது அதனால்தான்.

அதற்காக அரபுத் தூசி இந்தப் பக்கம் வராது என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். ஜூன், ஜூலையில் அரேபியத் தூசி அரபிக்கடல் மேல் வந்து பரவுவது உண்மை. ஓமான் கரையிலிருந்து உங்கள் ஊர் சுமார் 2,500 கிலோமீட்டர். சென்டினல் 5பி செயற்கைக்கோளின் புற ஊதா ஏரோசால் (காற்றில் மிதக்கும் துகள்) குறியீட்டைப் பாருங்கள். தூசியும் புகையும் புற ஊதாவை உறிஞ்சும், எனவே மதிப்பு பூஜ்ஜியத்துக்கு மேலே போகும். கடல் உப்பு உறிஞ்சாது. மேகத்துக்கு மேலே மிதக்கும் தூசியையும் இது காட்டும். கேரளத்தில் மழை மேகம் மூடிக்கிடக்கும் மாதத்தில் இது பெரிய உதவி. ஒரு எச்சரிக்கை: தூசி தரையை ஒட்டித் தாழ்வாக இருந்தால் இந்தக் குறியீடு அவ்வளவாக எழும்பாது.

கண்ணால் பார்க்கவும் வழி உண்டு. நாசாவின் வேர்ல்ட்வியூ இணையதளத்தில் அதே நாளின் வண்ணப் படத்தைத் திறங்கள். சேறு கரையோடு நின்றுவிடும். தூசிக்குக் கரை கிடையாது, கடல், நிலம் எல்லாவற்றையும் ஒரே மங்கலாக மூடும்.

பாம்பன்காரன்:
பேனல் தூசிக்கு வெளிநாடு வரை போக வேண்டுமா? பங்குனிக்கு மேல் கண்மாய் எல்லாம் வறண்டு பொடியாகக் கிடக்கிறது. கருவேல மரத்தைக் கரியாக்கும் மூட்டம் வேறு. கச்சான் அதன் மேலேதானே வருகிறது?

பிக்சல் பாண்டி:
பெரும்பங்கு அதுவாகத்தான் இருக்கும் அண்ணே, கூடவே உப்பும். டீச்சர், பேனலைக் கழுவிய நீரை ஒரு கண்ணாடிக் கிளாஸில் வையுங்கள். உப்பு கரைந்துவிடும், மண் அடியில் தங்கும். அதை உலர்த்தி மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். அவ்வளவு தூரம் தாண்டி வரும் துகள் பெரும்பாலும் 10 மைக்ரோமீட்டருக்குள் இருக்கும், விரலில் தேய்த்தால் முகப்பவுடர் மாதிரி. நறநறவென்று இருந்தால் பக்கத்து மண். நைசாக இருப்பதெல்லாம் அரேபியா என்றும் சொல்ல முடியாது, கண்மாய் வண்டலும் நைசுதான்.

கீழக்கரை டீச்சர்:
அடுக்கை மாற்றிப் போட்டுவிட்டேன். மார்கழிச் சிவப்பு முழுவதும் போய்விட்டது. ஆனியில் கடலோரப் பட்டை காணோம். ஆனால் ஒரே ஒரு நாள் அரபிக்கடலிலிருந்து கேரளம் தாண்டி இங்கே வரை வெளிர் மஞ்சளாக ஒரு பரப்பு நிற்கிறது. அன்றைய புற ஊதா குறியீடும் பூஜ்ஜியத்துக்கு மேலே. வண்ணப் படத்தில் மேகம் மறைத்துவிட்டதால் அடித்துச் சொல்ல முடியவில்லை.

பாம்பன் அண்ணன் சொன்னதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி, "எங்க அத்தாவும் இதையேதான் சொல்வார்" என்றாள். அவள் அப்பாவை வெள்ளிக்கிழமை பள்ளிக்கு அழைத்திருக்கிறேன். கழுவிய நீர் ஜன்னலோரம் காய்ந்துகொண்டிருக்கிறது. ஸ்லைடு தயாரானதும் படத்தை இங்கே போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள் சார்.