தாலி கட்டியது கல்யாணம் இல்லையா? தென்னாப்பிரிக்காவின் 1913 தீர்ப்பு பற்றி ஒரு சந்தேகம்

சாட்ஸ்வொர்த் பேரன்:
ஆயாவின் தகரப்பெட்டியில் கல்யாணப் பதிவுச் சான்றிதழ் ஒன்று கிடைத்தது. கோயிலில் தாலி கட்டி ஏழு வருஷம் கழித்துப் போட்ட தேதி, மூத்த மாமாவைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது எடுத்ததாம். கேட்டால் "கோர்ட்டுக்குத் தாலி தெரியாதுடா" என்கிறார். கிறிஸ்தவக் கல்யாணம் மட்டும்தான் செல்லும் என்று 1913-இல் தீர்ப்பு வந்ததாமே, அரசாங்கம் சர்ச் சொன்னபடியா ஆடியது?

நியூகாசில் தம்பி:
சர்ச் யாரும் கேஸ் போடவில்லை. பாய் மரியம் என்ற முஸ்லிம் பெண் கணவரோடு வந்து சேர அனுமதி மறுத்தார்கள், அதில்தான் கேப் மாகாண நீதிமன்றத்தில் நீதிபதி சர்ல், பலதாரமணத்தை ஏற்கும் மதத்தின் கல்யாணம் இங்கே செல்லாது என்றார். ஒருவனுக்கு ஒருத்தி என்ற கிறிஸ்தவக் கல்யாணமே சட்டத்தின் அளவுகோலாக ஊறிப்போயிருந்தது, தனியாகப் போதகர் வந்து சொல்ல வேண்டியதில்லை. ஒரே நாளில் நம் பாட்டிகள் சட்டத்தின் கண்ணில் வைப்பாட்டிகள்! டிரான்ஸ்வால் மாகாணத்திலிருந்து தமிழ்ப் பெண்கள் எங்கள் ஊருக்கு வந்து சுரங்கக்காரர்களை வேலைநிறுத்தத்துக்குக் கூப்பிட்டது அந்தத் தீர்ப்புக்கும், ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாத இந்தியக் கூலிகள் மேல் போட்ட மூன்று பவுன் வரிக்கும் எதிராகத்தான். அந்தப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போய்க் காய்ச்சல் கண்டு வெளியே வந்த வள்ளியம்மை 1914 பிப்ரவரியில் இறந்தபோது வயது 16. அந்த வருஷமே சட்டம் இறங்கி வந்து நம் கல்யாணங்களை ஏற்றது, ஆனாலும் பதிவு இல்லாமல் தாலி மட்டும் போதாது.

பழைய வாத்தியார்:
தம்பி, சர்ச்சை அவ்வளவு சுலபமாக விட்டுவிடாதீர்கள். இங்குள்ள டச்சு வம்சத்து வெள்ளையரின் டச்சு சீர்திருத்த சபை 1857-லேயே, சிலருடைய பலவீனத்தினிமித்தம் என்று சொல்லி, வெள்ளையரல்லாத விசுவாசிகளைத் தனியே ஆராதிக்க அனுமதித்தது. அந்தப் பலவீனம் யாருடையது என்று யோசியுங்கள். 1948-இல் நிறவெறியைச் சட்டமாக்கத் தொடங்கிய பிரதமர் மலான், அதே சபையின் முன்னாள் போதகர். அப்புறம் அந்தச் சபைக்குள்ளிருந்தே பேயர்ஸ் நாடே என்ற போதகர் நிறவெறியை எதிர்த்து 1963-இல் பிரசங்க மேடையை விட்டு இறங்கினார். அவர்கள் ஒதுக்கிவைத்த கலப்பினத்தார் சபைதான் 1982-இல், நிறவெறியை நியாயப்படுத்துவது வேதப்புரட்டு என்று அறிவித்தது.

மேரி அத்தை:
நாங்கள் மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள், எங்கள் கல்யாணம் எல்லாம் கோர்ட்டில் செல்லும், சரி. ஆனால் நிறவெறிச் சட்டத்தில் டர்பனின் கேட்டோ மேனர் பகுதியைக் காலிசெய்ய வைத்தபோது யாரும் எங்கள் கழுத்துச் சிலுவையைப் பார்த்து விட்டுவைக்கவில்லை. அம்மாவின் பைபிளும் பக்கத்து வீட்டு முருகன் படமும் ஒரே லாரியில்தான் சாட்ஸ்வொர்த் வந்தன. ஆமாம், உங்கள் ஆயா வீடு சாட்ஸ்வொர்த்தில் எந்த யூனிட் பகுதி?